கல்யாண வீட்டுப் புகைபோக்கி

பெயர்: டானூட்டா கோலெக். வயது: 52. கணவர் பெயர்: ரோமன் கோலெக் (காலமானவர்). தொழில்: பள்ளிச் சமையல். முகவரி: வீட்டு எண் 41, ஓல்ஷவ்கா கிராமம், தெற்குப் போலந்து. வீடு எரிந்துபோனதால் தற்சமயம் நாத்தனார் போழெனா வீட்டில் இருக்கிறேன்.

2011 அக்டோபர் 17ஆம் தேதி நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். 11ஆம் தேதி கொடுத்த முதல் வாக்குமூலத்தில், புகைபோக்கி சுத்தம் செய்யும் லெஷெக் எங்கள் கூரைமேல் ஏறி வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன். அது பொய். அவர் ஏறவில்லை. ஏறவிடாதவள் நான்.

6ஆம் தேதி வியாழக்கிழமை காலை லெஷெக் பிரஷ், கயிறு, இரும்புக் குண்டு சகிதம் வந்தார். அந்தச் சனிக்கிழமை என் மகள் இலோனாவுக்குக் கல்யாணம். புதன்கிழமைதான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நானே வெள்ளையடித்து முடித்திருந்தேன். மேலேயிருந்து தட்டிவிடும் கரியை அள்ளும் சின்ன இரும்புக் கதவு எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதைத் திறந்தால் வெள்ளையடித்ததெல்லாம் வீண் என்பதால் நான் அவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"இன்னிக்கு வேணாம் தம்பி, சுவரே இன்னும் காயல. கல்யாணம் முடிஞ்சு செவ்வாக்கெழம வா, எவ்வளவு கரி வேணும்னாலும் கொட்டிக்கோ."

"போன வருஷமும் இப்படித்தான் ஏதோ சொல்லி அனுப்பிட்டீங்க அக்கா. மூணு குளிர்காலத்துக் கரி உள்ள ஒட்டிக் கெடக்கு."

அதன் பிறகு, இன்ஷூரன்ஸ் ஆள் கேட்கிறார், சான்றுத்தாளை மட்டும் இன்றைக்கே கொடுத்துவிடு என்று கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்றார். கசகசா கேக் வெட்டி வைத்து மறுபடியும் கெஞ்சினேன். கடைசியில் சமையலறை மேசையிலேயே சுத்தம் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது, "செவ்வாய் வரைக்கும் கூடத்து அடுப்பப் பத்த வெக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன்.

அதன் பிறகு, சனிக்கிழமை கறுப்புச் சீருடையில் வந்து வாசலில் நிற்கச் சொன்னேன். கல்யாணத்தன்று மணப்பெண் புகைபோக்கிக்காரரைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "கூரைக்கு வேணாம், வாசலுக்கு மட்டும் வேணுமாக்கும்" என்று சிரித்தார். சொன்னபடி வந்தார். இலோனா அவர் சட்டையின் பித்தளைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு எடுத்த புகைப்படம் உங்களிடம் இருக்கிறது. அதில் அவர் பிரஷ் கரியே படாமல் புதிதாக இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து எங்கள் வீட்டில். காலையிலிருந்து மழை, குளிர். சமையல் எல்லாம் காஸில்தான் நடந்தது. குளிருக்கு மூட்டும் கூடத்து அடுப்பை நான் தொடவில்லை. பகல் பன்னிரண்டு மணிவாக்கில் நாத்தனார் போழெனா சமையலறைக்குள் வந்து, "சம்பந்தி வீட்டுக்காரங்க கோட்டக் கழட்டாம உக்காந்து சூப் குடிக்கிறாங்க. இது கல்யாண வீடா, எழவு வீடா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. போய் அடுப்பைப் பற்றவைத்தேன். காய்ந்த உருளைக்கிழங்குத் தோலை எரித்தால் கரி தானாக உதிர்ந்துவிடும் என்று எல்லோரும் செய்வதுதான். அதனால் கொட்டகையில் காயவைத்திருந்த தோலை இரண்டு கூடை அள்ளிப் போட்டேன். சத்தியத்தை மீறியதற்கு அதையே சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு என் கணவர் வந்து புது ஷூ கடிக்கிறது, சற்றுப் படுக்கலாமா என்று கேட்டார். கட்டில்களில் எல்லாம் விருந்தாளிகளின் குழந்தைகள் தூங்கின. "மேல பரண் அறையில போய்ப் படுங்க, புகைபோக்கிச் சுவர் ஓரமா வெதுவெதுன்னு இருக்கும்" என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

இரண்டே காலுக்குச் சுவருக்குள் லாரி மேடு ஏறுவது போன்ற சத்தம் கேட்டது. அடுப்புக் கதவு தானாக அதிர்ந்தது. வெளியே ஓடிப் பார்த்தபோது புகைபோக்கி வாயில் ஆள் உயரத்துக்குத் தீ நின்றது. எங்கள் கிராமத்துத் தீயணைப்புக் குழுவில் பாதிப் பேர் என் விருந்தாளிகள். குடித்திருந்தும் கோட்டும் டையுமாகவே வண்டியை எடுக்க ஓடினார்கள். அதற்குள் பரணில் சுவர் வெடித்துக் கூரை பிடித்துக்கொண்டது. என் கணவரைப் பரண் அறைக் கதவுக்கு உள்பக்கம், இரண்டடி தூரத்தில் கண்டெடுத்தார்கள். இடது கால் ஷூவுக்கு நாடா கட்டியிருந்தது. வலது கால் ஷூ கையில் இருந்தது. கீழே சம்பந்திகள் இருக்கிறார்களே என்று போட்டுக்கொண்டு வரப் பார்த்திருக்கிறார்.

முதலில் பொய் சொன்னதற்குக் காரணம், இலோனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேறு காரணம் இல்லை. லெஷெக்கை நீங்கள் விசாரித்தபோது, தான் ஏறியதாகவும் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டதாக நேற்று அறிந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அப்படிச் சொல்லியிருக்கிறார். ஏறாமல் கையெழுத்துப் போட்டது அவர் தவறு. அடுப்பைப் பற்றவைத்ததும், என் கணவரை மேலே அனுப்பியதும் நான். இலோனாவுக்கும் போழெனாவுக்கும் இன்னும் தெரியாது. இங்கிருந்து போய் நானே சொல்லப்போகிறேன். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று நான் வந்தபோது லெஷெக் தாழ்வாரத்து பெஞ்சில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். புகைபோக்கிக்காரரைக் கண்டதும் நம் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டால் நல்லது நடக்கும் என்று சிறு வயதிலிருந்தே எங்களுக்குப் பழக்கம். வாசல் காவலர் தன் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். என் கையும் தானாகக் கோட்டுப் பொத்தானுக்குப் போயிற்று. லெஷெக் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இதையும் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) டானூட்டா கோலெக்