உப்புப் பூக்காத இடம்

மண்தொட்டியில் வெள்ளை படிவது தொட்டியின் குற்றமல்ல, மேடம். இன்று காலை உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் தொட்டியைக் கழுவ வினிகர் பாட்டிலோடு வந்தபோது அதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஊற்றுகிற தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசியும். வெயிலில் தண்ணீர் போய்விடும்; அதில் கரைந்திருந்த உப்பு போக முடியாமல் வெளிச்சுவரிலேயே பூத்து நிற்கும். ராஜபாளையத்துப் போர்வெல் தண்ணீருக்கு ஒரு மாதம் போதும். பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சை, வெயிலில் காயவைத்துத் தேய்த்தால் போய்விடும். சுரண்டும்போது மாவாக உதிர்ந்தால் உப்பு. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும்.

என் நர்சரித் தொட்டிகளுக்குப் படம் வரைந்தவள் என் தங்கை பாண்டீஸ்வரி. நான்கு வருடம் முன்பு வேறு சாதிப் பையனோடு போகப் பார்த்தாள். அன்றிலிருந்து நர்சரியோடு சேர்ந்த எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கோயம்புத்தூர் மில்லில் வேலை என்று ஊருக்குச் சொன்னேன். சும்மா இருந்தால் மனம் கெடுமே என்று தொட்டிகளையும் பெயின்டையும் நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன ஆடியில், என்னிடம் தொட்டி வாங்கியிருந்த வெங்கடேஸ்வரி டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தார்.

“தம்பி, செடி பூக்குமுன்னாடி தொட்டி நரைச்சுப்போச்சே. டை அடிக்கவா?”

“வாரேங்கா. நானே கழுவித் தாரேன்.”

போய்த் தொட்டியைத் திருப்பினேன். சுவரை ஒட்டியிருந்த பக்கத்தில், வெள்ளைக்கு நடுவே செம்மண் நிறத்தில் எழுத்துகள். ‘பாண்டீஸ்வரி. நர்சரி மாடி ரூம். கதவைத் திறங்க.’

மெழுகுவத்தியால் எழுதியிருக்கிறாள். எழுதும்போது ஒன்றும் தெரியாது. மெழுகு துளையை அடைக்கும், அந்த இடத்தில் மட்டும் உப்பு பூக்காது. யாரோ தினமும் ஊற்றுகிற தண்ணீர் அதை மெல்ல வெளியே காட்டும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டீச்சர் காபி போட்டு வருவதற்குள் தேய்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“ஏட்டி, மெழுகுவத்தி எப்படிக் கெடச்சது?”

“கரண்டு போனப்ப நீதானண்ணே குடுத்த.”

“எம்புட்டுத் தொட்டில எழுதுன?”

“வெள்ளை பூக்கட்டும். நீயே எண்ணிக்க.”

அன்று பெயின்டை எடுத்துக்கொண்டேன். ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். பிறகு செட்டியார்பட்டி, வத்திராயிருப்பு என்று தொட்டி வாங்கிய வீடு வீடாகப் போய் இலவசமாகக் கழுவினேன். உப்பை மட்டும் எடுத்தால் போதாது, எழுத்து மறுபடி வரும். ஆகவே தொட்டி முழுவதும் மெழுகு தேய்த்தேன். எல்லாத் துளையும் ஒன்றுபோல் அடைபட்டால் எழுத்தென்று தனியாக ஒன்று இராது. உப்பு உள்ளேயே தங்கிச் செடி மெல்ல வாடும். அது வேறு விஷயம். இப்படி ஒரு வியாபாரியா என்று எல்லோரும் மெச்சினார்கள்.

உங்கள் ஸ்டேஷனுக்கு நான் அன்பளிப்பாகக் கொடுத்த தொட்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. இங்கே மழைநீர்த் தொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள், அதில் உப்பு இல்லை. போன மாதம் போர் போட்டீர்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

“இந்த எடத்துல மட்டும் ஏன் வெள்ளை இல்ல?” என்று கேட்டீர்கள். பேசாமல் தேய்த்திருக்கலாம். ஆனால் ஒருவர் ஏன் என்று கேட்டால் விளக்காமல் இருக்க எனக்கு வராது. மெழுகு என்றேன். “யாரு எழுதுனது?” என்றீர்கள்.

சாவி இதோ. நான்தான் பூட்டி வைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளைச் சோறுகூடத் தவறியதில்லை. இந்த நான்கு வருடத்தில் கதவைத் திற என்று அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் திறந்திருப்பேன்.