கோழிப் படம் போட்ட பாக்கெட்

கரமனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. நாய்க்குட்டிக்கு வாங்கிய தீனிப் பாக்கெட் அவர் மடியில் இருந்தது.

“படத்தை உள்பக்கமாத் திருப்பி வெச்சுக்கோங்கோ. கோழி தெரியறது,” என்றாள் மனைவி.

“சாரமில்லை, தெரிஞ்சா தெரியட்டும். குட்டிக்கு வெறும் தயிர்சாதம் போறாதுன்னு டாக்டரே சொல்லியாச்சு.”

“வாங்கவேண்டாம்னா சொன்னேன்? எதிராத்து மாமி பாத்தா என்ன நினைச்சுப்பா?”

“எது நல்லதுன்னு பாத்து கடையில எடுத்துக் குடுத்ததே அவாத்து மாமாதான். அவா நாய்க்கும் இதேதான்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆத்துல எங்க வெச்சுக்கறாளாம்?”

“ஆத்துக்குள்ள ஏத்தறதே இல்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில. மாமியோட ஏற்பாடாம்.”

“நமக்கு ஸ்கூட்டர் இல்லியே.”

கரமனையில் இறங்கும்போது பாக்கெட்டை அவளே வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கோழி தெருவைப் பார்த்தபடி இருந்தது.