சலதாரைக்குச் சாம்பிராணி

யுத்த காலம். மாரண்டஹள்ளியில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, அடுப்பு பற்றட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டுச் சலதாரைக்குச் சாம்பிராணிகூடப் போட்டுட்டேன்க்கா. நாத்தம் போகல."

"சாம்பல் கொட்டினியா?"

"கொட்டினேன். சுண்ணாம்பு கரைச்சு ஊத்தினேன். வேப்பந்தழை வேகவெச்ச தண்ணியும் ஊத்தினேன். எதுவும் வெளிய போனாத்தானுங்களே."

"ஏன், சாக்கடை அடைச்சிருக்குதா?"

"எங்க வூட்டுக்காரரே கல்லு வெச்சு அடைச்சாருங்க. அந்தத் தண்ணி அவரு தம்பி வாழைக்குப் பாஞ்சுட்டிருந்துதுங்க. ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

"கல்லை எடுத்துட்டா நாத்தம் போயிடுமே."

"போயிடுங்க. அந்த வாழை குலை தள்ளிடுமே."

மூத்தவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும் சரிதான். நீ சாம்பிராணியே போடு."