மழை தாங்காத கேபிள்

தோட்டத்துக்கு விளக்கு வாங்கப் போகிறவர்கள் விளக்கின் அழகைத்தான் பார்ப்பார்கள், சார். கேபிளை யாரும் பார்ப்பதில்லை. மண்ணுக்கோ தளத்துப் பலகைக்கோ அடியில் போய்விடுகிற பொருள்தானே.

நான் ஆயுசு முழுக்க வயரிங் வேலை பார்த்தவன். மனைவி போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். மகனும் மருமகளும் ஊரின் அடுத்த கோடியில் புதுவீடு கட்டிக்கொண்டு போனார்கள். குறை சொல்ல மாட்டேன், போன் பண்ணுவான். "நல்லா இருக்கீங்களாப்பா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். காலிங் பெல் வேலை செய்கிறதா என்று சில நாள் நானே வெளியே போய் அழுத்திப் பார்ப்பேன். நன்றாகத்தான் அடித்தது.

அதற்கு முன் அவர்கள் வாடகை வீட்டில் இருந்தவரை ஃபேன் நின்றாலும் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவான். புதுவீட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

போன கோடையில் பின்பக்கம் மரத்தளம் போட்டான். "அப்பா, ஓரத்துல சின்னச் சின்ன லைட் பதிக்கணும். நீங்களே செஞ்சு குடுத்துடுங்க" என்றான். பக்கத்தில் நின்ற மருமகள், "மஞ்ச லைட்டா போடுங்க மாமா. வெள்ளைன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்று சிரித்தாள். தங்கமான பெண். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மண்ணுக்கும் மழைக்கும் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள்தான் சரி. போட்டால் என் காலத்துக்குப் பிறகும் அசையாது. கடையில் அதைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அசையாத விளக்குக்கு என்னை எதற்குக் கூப்பிடுவான்? சுவருக்குள் போடுகிற சாதா வயரைக் கேட்டேன். "வெளிய போடறதுக்குன்னா இது ஒரு மழைக்குத் தாங்காதுண்ணே" என்றார் கடைக்காரர். "உள்வேலைக்குத்தான்" என்றேன்.

அவர் சொன்னது சரிதான். முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கி, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற டிரிப் சுவிட்ச் விழுந்தது. மகன் கூப்பிட்டான். போனேன். பலகையைக் கழற்றி, வயரைத் துடைத்து, டேப் சுற்றினேன். வேலை சின்னது. பேச்சு பொழுது சாயும்வரை ஓடியது. அடுத்தடுத்த மழைக்கும் அப்படியே. அந்த மழைக்காலம் எனக்கு நன்றாகப் போனது, சார்.

ஒருநாள் மகன், "அடிக்கடி விழுதேப்பா, வேற யாரையாவது வரச்சொல்லிப் பாக்கட்டுமா?" என்றான். "எதுக்குடா, நான் இருக்கேன்ல?" என்று சொல்லிவிட்டு, அந்த விளக்குகளை மட்டும் டிரிப் சுவிட்சிலிருந்து பிரித்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு எதுவும் விழவில்லை. ஒன்றிரண்டு விளக்கு மினுக்கும். மினுக்குகிற விளக்குக்கு யாரும் வேறு ஆளைத் தேட மாட்டார்கள்.

பிறகு மருமகள் போன் செய்தாள். "மாமா, ஈரமா இருக்கறப்ப பலகைமேல நின்னா காலு சுருக்குனு இழுக்குது. பயமா இருக்கு."

"செருப்பு போட்டுக்கம்மா. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துடறேன்" என்றேன்.

மெயினை அணைக்கச் சொல்லியிருக்கலாம்தான். அணைத்திருந்தால் பயந்துபோய் அன்றைக்கே யாரையாவது கூப்பிட்டிருப்பாள். ஞாயிறென்றால் மகனும் வீட்டில் இருப்பான்.

அவள் ஞாயிறுவரை இருக்கவில்லை. மழை விட்டதும், கொடியில் நனைந்த துணியை எடுக்க வெறுங்காலோடு இறங்கியிருக்கிறாள்.

எல்லோரும் முன்வாசலில் அழுதுகொண்டிருந்தபோது நான் பின்பக்கம் போய் விளக்கு வயரைப் பழையபடி டிரிப் சுவிட்சோடு இணைத்தேன். அதை மாற்றியது யார் என்று கேட்டீர்கள். ஆமாம், நான்தான். வயர் வாங்கியதும் நான்தான், பிரித்ததும் நான்தான், அவள் சொன்ன பிறகும் சும்மா இருந்ததும் நான்தான். மகனுக்கு இதெல்லாம் தெரியாது. என் தோளில் சாய்ந்து, "அந்த வீட்டுல என்னால இருக்க முடியாதுப்பா" என்றான். அன்றைக்கே அழைத்துவந்துவிட்டேன்.

அவன் அடிக்கடி கூப்பிட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், சார். என்னோடே வந்துவிடுவான் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பட்டுமா? நான் போகாமல் அவன் சாப்பிட உட்கார மாட்டான்.