ஒன்று புள்ளி ஐந்து

காலை ஏழு ஐம்பது பாசஞ்சரில் சிதம்பரத்தில் ஏறினால் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். எந்தக் கிழமையில் எந்தப் பெட்டியில் கூட்டம் குறைவு என்று பதினோரு ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை என்றால் கடைசியிலிருந்து மூன்றாவது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்தப் பெட்டியும் நிரம்பிவிடும்.

என் பெயர் ஞானசேகரன். கடலூர் முதுநகரிலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் சாலையில் உள்ள முந்திரித் தொழிற்சாலையில் தலைமைக் கணக்கர். பாய்லர் வெடித்த வழக்கில் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வந்தேன்.

முதலில் விகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஒரு நிறுவனம் ஐம்பது லட்சம் லாபம் என்கிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எவ்வளவு விற்று ஐம்பது, எவ்வளவு கடன் வாங்கி ஐம்பது, போன ஆண்டு எவ்வளவு, அதற்கு முந்தைய ஆண்டு எவ்வளவு என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தனியாக நிற்கும் எண் பொய் சொல்லும். வரிசையில் நிற்கும் எண் சொல்லாது.

முதலாளி உத்திராபதிக்கு இதில் பொறுமை கிடையாது. "சாப்ட்டு மிஞ்சுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுய்யா" என்பார். மிஞ்சியது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

சென்ற ஆண்டு சனவரியில் நான்கு ஆண்டு விறகுச் செலவை வரிசையில் வைத்தேன். முதல் ஆண்டு நூறு ரூபாய் விற்பனைக்கு மூன்று ரூபாய் பத்து காசு. அடுத்த ஆண்டும் அதே. பிறகு மூன்று இருபது. பிறகு மூன்று அறுபது. கொட்டையை அவிக்கும் பாய்லரில் எங்கோ நீராவி வீணாகிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே கண்டுபிடித்தேன். பாய்லர் மெக்கானிக் ஆரோக்கியராஜைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினேன்.

"இத நான் தீவாளியிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன் சார். சேப்டி வால்வு போயிடுச்சி. சத்தம் ஒங்களுக்குக் கேக்கலியா?"

கேட்டிருக்கிறது. ஆனால் சத்தம் ஆதாரமல்ல.

பாய்லரில் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் தானே திறந்து நீராவியை வெளியே விடுவது அந்த வால்வின் வேலை. எங்களுடையது பழசாகி, அளவுக்கு முன்பே திறந்து, நாள் முழுக்கச் சீறிக்கொண்டிருந்தது. புதிதின் விலையை விசாரித்து வரச் சொன்னேன். மார்ச் பதினெட்டாம் தேதி கொண்டுவந்தார். நாற்பத்தோராயிரம்.

பெரிய தொகையல்ல. ஆனால் அந்த மாதம் சிறிய தொகை என்று எதுவும் இல்லை. வங்கியில் கடன் வரம்பை உயர்த்தக் கேட்டிருந்தோம். ஒரு ரூபாய் வட்டி கட்ட, கையில் ஒன்றரை ரூபாய் லாபமாவது இருக்க வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. எங்கள் வட்டி முப்பது லட்சம். வட்டிக்கு முந்தைய லாபம், என் மதிப்பீட்டில், நாற்பத்தைந்து லட்சத்துப் பத்தாயிரம். வகுத்தால் ஒன்று புள்ளி ஐந்து. அதில் நாற்பத்தோராயிரத்தைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். ஒன்று புள்ளி நான்கு ஒன்பது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி, புதுக் கணக்காண்டில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"பதினாலு நாளு சார். இப்பவே மாட்டிடறேன். கடக்காரரு நமக்குத் தெரிஞ்சவருதான். பில்ல ஏப்ரல்ல போடச் சொன்னா போட்டுக் குடுத்துட்டுப் போறாரு."

மறுத்துவிட்டேன். மார்ச்சில் வாங்கிய பொருளுக்கு ஏப்ரலில் பில் போடுவது மோசடி. பதினோரு ஆண்டுகளில் நான் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதியதில்லை. வால்வு மாற்றினால் விறகு மிச்சம்தானே என்று கேட்டார். மிச்சம் அடுத்த ஆண்டுக்குரியது, செலவு இந்த ஆண்டுக்குரியது என்று விளக்கினேன். "அதுவரிக்கும் கம்மி பிரஷர்லயே ஓட்டிக்கிறேன். யாரும் அத்தத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்மி அழுத்தத்தில் கொட்டை மெதுவாக அவிந்தது. உடைக்கும் கொட்டகையில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு விற்பனை என்று ஒரு விகிதம் உண்டு. ஆண்டு விற்பனையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. விற்பனை ஒன்பது கோடி, ஆட்கள் நூற்றிருபது பேர், தலைக்கு ஏழரை லட்சம். சும்மா உட்கார்ந்திருக்கும் தலைகளைக் காண எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொட்டகையில் பாய்லர் பக்கத்து முன் மேசை முத்தம்மாளுடையது. முந்திரி ஓட்டின் பால் பட்டு விரல்கள் கறுத்த பெண். நான் அந்தப் பக்கம் போனால் விடமாட்டார்.

"கணக்கு சார் வராரு, எல்லாரும் தலய நிமித்தி ஒக்காருங்கடி. எண்ணணுமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் நகைச்சுவை தெரியாதவன் அல்ல.

மார்ச் இருபத்தொன்பது பெரிய வெள்ளி. ஆரோக்கியராஜ் ஈஸ்டர் முடிந்து வருவதாக லீவு எழுதிக் கொடுத்திருந்தார். பாய்லர் அடுப்புக்கு விறகு போடும் காத்தவராயன் மட்டும் இருந்தார். மதியம் நெருப்பைத் தணித்துவிட்டு அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் பாய்லர் கொட்டகைக்குப் போனேன். ஆரோக்கியராஜின் ஸ்பேனர் ஆணியில் தொங்கியது. அவர் செய்வதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். வால்வின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த திருகை இரண்டு சுற்று முறுக்கினேன். மூடியைப் போட்டேன். ஸ்பேனரை அதே ஆணியில் மாட்டினேன்.

இரண்டு சுற்றுக்குக் காரணம் உண்டு. ஒரு சுற்றில் சீறல் குறையும் என்று நினைத்தேன். நிற்க வேண்டுமே.

நின்றது. காத்தவராயனைக் கூப்பிட்டு, வால்வு சரியாகிவிட்டது, பழையபடி முழு அழுத்தத்தில் ஓட்டலாம் என்றேன். சாயங்காலம் விறகு மிச்சம் இருந்தது. ஒரே நாளில் எட்டில் ஒரு பங்கு. கொட்டகை வழியாகப் போனபோது முத்தம்மாள் கேட்டார்.

"என்னா சார், உஸ் உஸ்ஸுன்னு கத்திக்கினு இருக்குமே, சத்தத்தயே காணோம். அதுக்கும் லீவு குடுத்துட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, பதினொன்று இருபதுக்கு வெடித்தது. என் அறையில் ஏசி ஓடியதால் சன்னல்கள் மூடியிருந்தன. சத்தம் அளவாகத்தான் கேட்டது. ஏசி பிப்ரவரியில் வாங்கியது, ஐம்பத்திரண்டாயிரம். கணினி சூடாகக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லி வாங்கினேன். வெளியே போய்ப் பார்த்தபோது பாய்லர் கொட்டகை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. காத்தவராயன், முத்தம்மாள், அவருக்குப் பக்கத்து மேசை மாரியம்மாள். மூவர்.

விகிதம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்கத் தோன்றும். விபத்துச் செலவு வழக்கமான செலவல்ல. அதைத் தனியாகக் காட்டிவிட்டு விகிதத்தைக் கணக்கிடுவதுதான் முறை. ஆகவே ஒன்று புள்ளி ஐந்து அப்படியே நின்றது. வங்கி மே மாதம் வரம்பை உயர்த்தியது. ஆட்கள் நூற்றுப்பதினேழாகக் குறைந்ததில் தலைக்கு விற்பனை ஏழு லட்சத்து அறுபத்தொன்பதாயிரம் ஆனது. நான் தேடிப் போய்ப் போடவில்லை. சூத்திரம் கணினியில் ஏற்கெனவே இருந்தது.

வால்வு, அழுத்தம் ஏறினாலும் திறக்காத அளவுக்கு முறுக்கப்பட்டிருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். ஸ்பேனர் ஆரோக்கியராஜுடையது. தான் முறுக்கவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நாற்பது நாள் கடலூர்ச் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறார். வேலை போய்விட்டது. அவர் முறுக்கினாரா என்று என்னிடம் கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை என்றேன். அது உண்மை.

முத்தம்மாளின் மகள் இளமதி சிதம்பரத்தில் பி.காம் முடித்தவள். முதலாளி இரக்கப்பட்டு அவளுக்கு என் அறையிலேயே வேலை கொடுத்தார். நல்ல பெண். கூட்டல் பிசகாது. அவளுக்கு விகிதங்களைச் சொல்லிக் கொடுத்தேன். வால்வு விஷயத்தையும், என் நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டாக, பில் தேதி வரைக்கும் சொன்னேன். முறுக்கியதைச் சொல்லவில்லை. அது கணக்கில் சேராது.

நேற்று ஆண்டுக் கணக்கின் சொத்துப் பட்டியலை அவளிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். பல ஆண்டு உழைக்கும் பொருள்கள் அதில் வரும். அவற்றின் விலையை அந்த ஆண்டு லாபத்தில் மொத்தமாகக் கழிக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால் போதும். முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த விஷயம். அவள் விரலை வைத்து வரிவரியாக வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், இந்த ஏசி பத்து வருசம் ஒழைக்கும்னு சொத்துல வச்சிருக்கீங்க. அந்த வால்வும் பத்து வருசம் ஒழைக்குமே, அத ஏன் சார் செலவுல வச்சீங்க?"