பேனரை அவிழ்ப்பதற்கு முன்

விழாவுக்குத் தலைமை ஏற்று, படூரிலிருந்து இந்த மணலுக்கு வந்து அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் கிருபாகரன் ஐயா அவர்களே. மன்றத்தின் செயலாளர், மைக் செட்டிலிருந்து மாலை வரை எல்லாவற்றையும் தன் தோளிலேயே தூக்கிவரும் சுதாகர் அண்ணா அவர்களே. கடலைக் கேட்டுக் கேட்டே காது பழுத்த பெரியோர்களே. கூடையைத் தலையிலும் குடும்பத்தை இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு, புதுப்பட்டினம் பஜாருக்கும் வீட்டுக்கும் நடந்தே பொழுதைக் கழிக்கும் தாய்மார்களே. நாற்காலி கிடைக்காமல் படகின் விளிம்பில் தொற்றியிருக்கும் தம்பிகளே. முதல் வரிசையில், கையில் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிக்கும் சுவேதாவே. உங்கள் எல்லோருக்கும் சிங்காரம், வச்சலா இருவரின் மகள் கீர்த்தனாவின் வணக்கம்.

என்னைப் பேச அழைத்தபோது சுதாகர் அண்ணா வாய் தவறி "நம்ம எஸ்.ஐ. கீர்த்தனா" என்றார். சிலர் சிரித்தீர்கள். சிலர் சிரித்தவர்களை முறைத்தீர்கள். இரண்டையும் பார்த்தேன்.

பரவாயில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அழைப்பிதழில் எனக்குக் கொடுத்த தலைப்பு: "இலக்கைக் கண்ணில் நிறுத்து, வெற்றியைக் கையில் பிடி." நல்ல தலைப்பு. என் பேச்சு முடிந்ததும் சுவேதாவுக்கு மாலை. மாலை முடிந்ததும் எனக்குப் பின்னால் மூங்கிலில் சுருட்டிக் கட்டியிருக்கிறார்களே, அந்த பேனரை அவிழ்ப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காக்கி உடையில் சுவேதா. காவல் உதவி ஆய்வாளர் சுவேதா. நாளை காலை அது பஜார் முனையில் நிற்கும்.

தேர்வு இனிமேல்தான்.

அதை அவிழ்க்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

யாரோ "இன்னாது" என்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், இதே மணலில், இதே மன்றத்தில் கிருபாகரன் ஐயா எங்களுக்கு வகுப்பு எடுத்தார். கண்ணை மூடுங்கள் என்றார். நீங்கள் ஆக விரும்புவது ஆகிவிட்டதாகவே பாருங்கள். உடையின் மடிப்பைப் பாருங்கள். பூட்ஸின் ஓசையைக் கேளுங்கள். நான் மூடினேன், பார்த்தேன், கேட்டேன். குற்றமற்ற பயிற்சி அது. தனியறையில், தனி மனிதர், தன் மனத்துக்குள் செய்ய வேண்டிய பயிற்சி.

ஆனால் ஐயா, இது குப்பம். இங்கே எதை யார் தனியாகச் செய்திருக்கிறார்கள்? ஒரு படகு கரையேறினால் எல்லாத் தோளும் சேர்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒரு படகும் இறங்குவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக் கனவு கண்டால் விடுவார்களா? ஊரே கண்ணை மூடியது. ஊரே கண்டது.

சுதாகர் அண்ணா ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"நீ இன்னாத்துக்கு கண்ண மூடிகினு கஷ்டப்படற? கண்ணத் தொறந்தாலே தெரியற மாதிரி நா பண்ணி வெக்கிறேன்."

பண்ணிவிட்டார். "கரை காக்க வரும் காவல் அதிகாரியே, வருக வருக." நடுவில் ஆளுயரத்தில் நான். கீழே வரிசையாக மன்றத் தம்பிகள், கைப்பேசியைக் காதில் வைத்தபடி. முகம் என்னுடையது. கல்லூரி அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. கழுத்துக்குக் கீழே வேறு ஒருத்தி. யாரோ ஓர் அதிகாரி. அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் தோள் என் தோளைவிட அகலம்.

சிரிக்காதீர்கள் அண்ணா. நன்றாகத்தான் செய்திருந்தீர்கள்.

மறுநாளிலிருந்து நான் எஸ்.ஐ. கடையில் எஸ்.ஐ. குழாயடியில் எஸ்.ஐ. என் அப்பா படகிலிருந்தபடியே சல்யூட் அடிப்பார். "குட் மார்னிங் மேடம்." நானும் பதிலுக்கு அடிப்பேன். அதுவரை விடியலில் கரையோரம் ஓடிக்கொண்டிருந்தவள் நான். நண்டும் நாயும் மட்டும் பார்க்க ஓடியவள். பேனருக்குப் பிறகு வலை இழுப்பவர்கள் எழுந்து நின்றார்கள். "எஸ்.ஐ. ஓடுது, வழி வுடுங்கப்பா." ஓட்டம் ஊர்வலமானது. ஊர்வலத்தில் யாரும் வேகமாகப் போவதில்லை.

ஒருநாள் பரிமளா அத்தைக்கும் சங்கரி அக்காவுக்கும் ஐஸ் சண்டை. இருவரும் இங்கேதான் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"என் ஐச எடுத்து உன் கூடையில கொட்டிக்கினா நா இன்னா மண்ணையா போட்டு வெக்கிறது?"

"உன் ஐசுல உன் பேரு எழுதிகீதா?"

"எஸ்.ஐ.மா, நீயே சொல்லு. இதுக்கு இன்னா கேசு?"

ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொன்னேன். விசாரணை முடிவதற்குள் ஐஸ் பாதி கரைந்திருந்தது. ஆனாலும் இருவரும் தலையாட்டினீர்கள். மறுபேச்சில்லாமல் பிரித்துக்கொண்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். ஏற்கெனவே ஆகிவிட்ட ஒன்றுக்கு எதற்குப் படிப்பது என்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கேட்கிறேன். வந்து சேர்ந்த ஊருக்கு யார் மறுபடி பஸ் ஏறுவார்? மாலை விழுந்த கழுத்தோடு யார் ஓடுவார்? உலை வைக்கும் முன்பே ஊர் ஏப்பம் விட்டால், அரிசி களைய யாருக்குக் கை வரும்?

தேர்வு எழுதினேன். முடிவு வந்தது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் நின்று கைப்பேசியில் பார்த்தேன். என் எண் இல்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன். இல்லை.

புதுப்பட்டினத்தில் இறங்கி நடந்தேன். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அன்று ஒருவரும் கேலி செய்யவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் வருவதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனீர்கள். கதவைச் சாத்தினீர்கள். அன்பினால்தான். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்குக் கஷ்டம் என்று. தெரு முழுக்கக் கதவு சாத்தும் ஓசை. எனக்கு முன்னால் ஒவ்வொன்றாக.

அந்தத் தெருவில்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அப்பாவின் கை பழக்கத்தில் மேலே எழும்பியது. பாதியில் நின்றது. பிறகு தலைத்துண்டைச் சரிசெய்தது.

கேலி பிறகு வந்தது. அதுவும் பகையால் வரவில்லை. மறுபடி ஓர் ஐஸ் சண்டை. நான் அந்தப் பக்கமாக மருந்துக் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சங்கரி அக்கா சொன்னார்: "இரு இரு, எஸ்.ஐ. வருது. கம்ப்ளெய்ன்ட் குடு." பரிமளா அத்தை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சண்டை அங்கேயே தீர்ந்தது. நான் தீர்த்துவைத்த கடைசி வழக்கு.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பின்பக்கச் சாய்ப்பு ஒழுகியது. நான் படுக்கும் இடம். அம்மா பஜார் முனைக்குப் போய் பேனரை இறக்கிக்கொண்டு வந்து மேலே கட்டிவிட்டார். அண்ணாந்து பார்த்தேன். அச்சடித்த பக்கம் உள்ளே.

"ஏம்மா இப்டி கட்டிகீற?"

"மூஞ்சி வெளிய தெரிஞ்சா சனம் பேசும். உள் பக்கமா இருந்தா சாயமும் போவாது."

அம்மாவுக்கு ஒழுகக் கூடாது. அவ்வளவுதான். ஒழுகவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னீர்கள் ஐயா. எனக்குக் கண்ணைத் திறந்தாலே தெரிகிறது. வெயில் ஏற ஏற, விரிப்பின் வழியே வெளிச்சம் இறங்கும். நான் ஒளிர்வேன். நட்சத்திரம் வைத்த தோளோடு, பூட்ஸ் போட்ட காலோடு, என்னைக் குனிந்து பார்ப்பேன். அம்மா சொன்னது பொய்த்தது. முகம் வெளுத்துவிட்டது. காக்கி அப்படியே இருக்கிறது.

மறுபடி எழுதினேன். ஒளிந்து படித்து, ஒருவருக்கும் சொல்லாமல் எழுதினேன். தேர்வறையில் என்னை நினைத்துப் பார்த்தால் அந்த அகலத் தோள்தான் வந்தது. நான் வரவில்லை. இப்போது வயது வரம்பும் கடந்துவிட்டது.

அந்த நாட்களில் ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டேன், எங்கே தவறினேன் என்று. அன்பாகத்தான் சொன்னார். "எங்கியோ ஒரு எடத்துல உனக்கு டவுட்டு வந்திருக்கும்மா. முழுசா நம்பியிருக்க மாட்ட."

ஐயா, உங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. உங்களால் வேலைக்குப் போனவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் இந்த மேடையில் திருப்பித் தருகிறேன். நான் முழுசாக நம்பினேன். என்னோடு ஒரு குப்பமே நம்பியது. என் அப்பா கடலின் நடுவில் நின்று நம்பினார். இதற்கு மேல் நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது? ஜெயித்தால் நம்பிக்கை ஜெயித்தது, தோற்றால் நீ தோற்றாய் என்றால், அது என்ன கணக்கு ஐயா?

யார் அது? பரிமளா அத்தையா. சத்தமாகவே கேளுங்கள்.

"எம் பொண்ணு பாஸ் ஆவாதுன்னு வாய் வெக்கிறியா நீ?"

இல்லை அத்தை. உங்கள் மகள் ஆகலாம். என்னைவிட நன்றாகப் படிப்பவள். ஆகட்டும். ஆன பிறகு ஊர் முழுக்கக் கட்டுங்கள், நானே ஏணி பிடிக்கிறேன். ஆகாவிட்டாலும் அவள் வீட்டுக்கு நடந்துவர ஒரு தெரு வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

இலக்கைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரே ஒரு பயிற்சி தருகிறேன். உங்களுக்கு. அவளுக்கு இல்லை. எல்லோரும் கண்ணை மூடுங்கள். தம்பி, நீயும்தான். படகிலிருந்து விழ மாட்டாய்.

சுவேதா பேருந்திலிருந்து இறங்குகிறாள். துப்பட்டா தோளிலிருந்து நழுவியிருக்கிறது. அவள் சரிசெய்யவில்லை. செருப்பில் மணல் ஏறுகிறது. அவள் உதறவில்லை. தெரு முனைக்கு வந்துவிட்டாள். அவள் எண் பட்டியலில் இல்லை. உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நன்றாகப் பாருங்கள். நீங்கள் உங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து உள்ளே போகத் தோன்றுகிறது. போகிறீர்களா? இருக்கிறீர்களா? இருந்தால், வாயில் என்ன சொல் வருகிறது? கரைக்கு இழுத்த படகை ஆயிரம் முறை தள்ளிய தோள்களே, கடலுக்குப் போன கணவனுக்காக விடிய விடிய விழித்த கண்களே, தோற்றுத் திரும்பும் ஒரு பெண்ணிடம் சொல்ல உங்களிடம் ஒரு சொல் இருக்கிறதா?

காத்திருக்கிறேன்.

பின்னால், வலைகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"துன்னியாம்மான்னு கேப்பேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் அப்பா. அன்று இதைக் கேட்டிருந்தால், நைனா...

போகட்டும். இன்று கேட்டீர்கள். எனக்கு அது போதாது. பொய் சொல்ல முடியவில்லை, போதாது. சுவேதாவுக்கு உதவும்.

கண்ணைத் திறங்கள்.

சுதாகர் அண்ணா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நிற்கிறார். "அச்சடிச்சிட்டமே கீர்த்து, இப்ப இன்னா பண்றது" என்று கேட்கிறார். நியாயம்தான். என்னைக் கேட்டால், எங்கள் சாய்ப்பின் மறுபாதிக்கு வாங்கிக்கொள்வேன். அங்கேயும் ஒழுகுகிறது.

இந்த முறை சிரியுங்கள். நான் சொன்ன நகைச்சுவைதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? நான் பேசிய நேரம் முழுக்க சுவேதா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, மூங்கிலில் சுருட்டிக் கிடக்கும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதற்கு எதிராக எந்த மேடைப்பேச்சும் நிற்காது. ஆகவே நீங்கள் அவிழ்ப்பீர்கள். எல்லோரும் கைதட்டுவீர்கள். நானும் தட்டுவேன். அவளுக்கு வலிக்கக் கூடாது.

அவிழ்த்தால் ஒன்று மட்டும். அவளை சுவேதா என்றே கூப்பிடுங்கள். அவள் ஓடும்போது எழுந்து நிற்காதீர்கள். வலையைப் பாருங்கள், கடலைப் பாருங்கள். அவள் ஓடிக்கொள்வாள். அந்த நாள் எப்படி வந்தாலும் கதவைச் சாத்தாதீர்கள். என்னவென்று தெரியாவிட்டால் துன்னியா என்று கேளுங்கள்.

சுவேதா, இங்கே பார். ஒரு கணம். அவ்வளவுதான்.

மேடை தந்த மன்றத்துக்கும், என் சொல்லைப் பொறுத்துக்கொண்ட கிருபாகரன் ஐயாவுக்கும், கண்ணை மூடிய ஊருக்கும் நன்றி. கயிறு உங்கள் கையில். கதவும் உங்கள் கையில். சிங்காரம் மகள் கீர்த்தனா, வெறும் கீர்த்தனா, கும்பிட்டு இறங்குகிறேன். வணக்கம்.