நல்லாங்கண்மாய்த் தலைக்கட்டு

— நானூத்திப் பன்னெண்டு. எழுதிக்கங்க டீச்சர். நல்லாங்கண்மாய் மொத்தமும் நானூத்திப் பன்னெண்டு. ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது. இந்தச் சந்தனம் நாப்பது வருசமா ஊர்க்கணக்கு பாக்குறவன்.

— என்னய்யா சொல்றீங்க? நான் பஸ்ஸ விட்டு எறங்குன எடத்துலயே நானூறு பேர் நின்னாங்களே!

— ஆளு இல்லங்க டீச்சர், தலைக்கட்டு. கல்யாணம் முடிச்ச ஆம்பள ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. முனியய்யா கோயில்ல கிடா வெட்டுனா, தலைக்கட்டுக்கு ஒரு கூறு கறி. நாந்தான் பேரு வாசிப்பேன். பேரு வாசிச்சவுக வந்து கூறு வாங்கிக்கிட்டுப் போவாக. வர்ற ஞாயித்துக்கெழமை கூட இருக்கு. நீங்களும் வாங்க.

— க்கும். டீச்சரு பொம்பளையாச்சே, எந்தத் தலைக்கட்டுல கூறு குடுப்பண்ணே?

— இது எந்தங்கச்சி அழகி. காப்பி கொண்டாந்திருக்கா, வாங்கிக் குடிங்க. இவ வாய்க்கு மட்டும் தனியா ஒரு தலைக்கட்டு போடலாம்.

— போடேன். இருவது வருசமா அதத்தான கேக்குறேன்? டீச்சர், நீங்களே நாயம் சொல்லுங்க. எம்புருசன் போய்ச் சேந்ததும் கட்டிக்குடுத்த ஊர்ல பேர அடிச்சுட்டாக. பொறந்த ஊருக்கு வந்தா, பொம்பளைக்குத் தலைக்கட்டு இல்லன்னு எங்கண்ணனே சொல்லுது. நான் என்ன கறிக்கா அலையிறேன்? நாலு பேருக்கு முன்னாடி 'அழகி'ன்னு ஒரு தடவ வாசிச்சா என்ன கொறஞ்சு போயிரும்?

— ஊர் வழக்கம்டி அது. நானா போட்டேன்?

— அய்யா, அக்கா, சண்ட போடாதீங்க. எனக்குத் தலைக்கட்டுக் கணக்கே வேணாம். நான் சர்க்கார் கணக்கெடுப்புக்கு வந்தவ. கைக்கொழந்தையில இருந்து எல்லாத் தலையையும் எண்ணணும். அதுக்கு முன்னாடி மேப் போடணும். நான் ஆவுடையார்கோவில் பக்கம், இந்த ஊர் எனக்குப் புதுசு. எல்லை மட்டும் சொல்லுங்கய்யா.

— எழுதிக்கங்க. கெழக்க கண்மாய். மேக்க புதுக்கோட்டை ரோடு. தெக்க முனியய்யா பொட்டல். வடக்க முந்திரிக்காடு. நடுவுல நாலு தெரு. அம்புட்டுத்தான்.

— அடி ஆத்தீ! முந்திரிக்காடா? எண்ணே, அங்க முந்திரி எங்க இருக்கு? வெட்டிக் கல்லு நட்டு ஏழு தெரு ஆயிருச்சு. சிங்கப்பூர் நகர்னு ஆர்ச்சு வச்சிருக்காக.

— தெரியும்டி. அது பிளாட்டு. அது ஊரா? எங்கெங்க இருந்தோ வந்து குடியேறுனவுக. அவுகளுக்கு ஊர்ல தலைக்கட்டு கெடையாது.

— தலைக்கட்டு இல்லாட்டி தலையும் இல்லாமப் போயிருமா? டீச்சர், அந்தக் கடுதாசிய இங்கிட்டு எடுங்க. நான் சொல்றேன். ரோட்டுக்கு மேக்கயும் ஊரு தாண்டிருச்சு. நர்சிங் காலேஜ், அதுக்குப் பின்னாடி பிள்ளைக ஹாஸ்டல், அதுக்கும் அங்கிட்டு ஹாலோ பிளாக் கம்பெனி. அந்த ஷெட்டுல வடநாட்டுப் பயலுக இருபத்தாறு பேரு. தெக்க பொட்டல ஒட்டி ரெண்டு வரிச காலனி வீடு. கண்மாய்க் கரையில மட்டும் யாரையும் வீடு கட்ட விடல. நல்ல காரியம். அந்தத் தண்ணி இல்லன்னா இம்புட்டுப் பேரும் எங்க போறது?

— அக்கா, இருபத்தாறு பேருன்னு எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?

— நான் டிவிஎஸ் ஃபிப்டியில பால் ஊத்துறேன் டீச்சர். காலையில அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்தா எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். பாலு ஏறுனா ஆளு ஏறிருக்கு, அம்புட்டுத்தான் கணக்கு. ஆறாந்தெரு சுபஸ்ரீ வீட்ல அர லிட்டர் வாங்குனவுக ஒண்ணரை கேட்டாக. ரெட்டப்புள்ள! பெலிக்ஸ் சார் வீட்ல கால் லிட்டர் கூடுச்சு. அவுக அம்மா மணமேல்குடியில இருந்து வந்து தங்கிட்டாக. சிங்கப்பூர் நகர் ஏழாந்தெருவுல மட்டும் போன தீவாளிக்கு நாப்பது வீடு. இப்ப அறுவத்தஞ்சு. நான் பாக்கப் பாக்க எங்க ஊரு வளருது டீச்சர். எனக்குப் பெருமையா இருக்கும். பெத்த பிள்ள நடக்குறத யாருக்குத்தான் பாக்கக் கசக்கும்?

— சரி, மொத்தம் எத்தன பேருடி இருப்பாக, உன் பால் கணக்குல?

— எனக்கு எப்படிண்ணே முழுசாத் தெரியும்? பாக்கெட் பால் வாங்குறவுகளும் இருக்காகள்ல.

— அய்யா, நான் மட்டும் வரலை. ஊருக்கு மொத்தம் பத்து டீச்சர் வந்திருக்கோம். ஆளுக்கு ஒரு பகுதி. பகுதிக்கு எழுநூறு பேர்னு வச்சாக்கூட ஏழாயிரத்தத் தொடும்.

— என்னது? பத்து டீச்சரா? போன கணக்கெடுப்புக்கு, பதினஞ்சு வருசத்துக்கு முந்தி, ரெண்டே ரெண்டு வாத்தியாருகதான் சைக்கிள்ல வந்தாக. மூணே நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டாக.

— இப்ப ஒரு மாசம் ஆகும்போல இருக்குங்கய்யா.

— ஏழாயிரம்! எலேய்! பக்கத்து ஊரு வன்னிக்குளத்தான் அவன் ஊருக்கு ஒரு பேங்கு வந்துருச்சுன்னு மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சானே, அவன் ஊரே மூவாயிரத்தத் தாண்டாது. வரட்டும் டீக்கடைக்கு, பேசிக்கிறேன். டீச்சர், இன்னொரு காப்பி குடிங்க.

— பாத்தீங்களா டீச்சர்? இப்ப மட்டும் பிளாட்டுக்காரவுகளும் ஊரு ஆளாயிட்டாக.

— சும்மா இருடி. ஊரு பெருசானா எல்லாருக்கும் பெருமைதான்.

— சரிங்கய்யா, உங்க வீட்லயே ஆரம்பிச்சிருவோம். போன்லதான் பதியணும். இந்த வீட்ல யார் யாரு?

— எழுதிக்கங்க. நானு, பெரியவன் நிலவழகன், சின்னவன் உதயசூரியன். மூணு தலைக்கட்டு.

— அவங்கள்லாம் உள்ள இருக்காங்களா?

— பெரியவன் சிங்கப்பூரு. சின்னவன் மெட்ராசு.

— அப்ப அவங்க இந்தக் கணக்குல வரமாட்டாங்கய்யா. இங்கேயே தங்கி இருக்கவங்களத்தான் எழுதணும்.

— அதெப்படி? கிடாவெட்டுக்கு அவனுக கூறையும் நாந்தான வாங்கிட்டு வாரேன்!

— ஆமா, மூணு கூறையும் வாங்கியாந்து எங்கிட்டத்தான் குடுக்கும், கொழம்பு வைக்கச் சொல்லி.

— அக்கா, நீங்களும் இதே வீடுதானா?

— பின்கட்டுல இருக்கேன் டீச்சர். ஒத்த ரூமு, ஒரு அடுப்பு.

— தனி அடுப்பா? அப்பக் கேக்கணும். ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்கதான் ஒரு குடும்பம். அதுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்த ரூல்.

— அப்ப லேசாப் போச்சு. அவ அடுப்பு தனி. அழகி, ஒத்த ஆளுன்னு தனியா எழுதிக்கங்க.

— சரிங்கய்யா. உங்க அடுப்பு எங்க இருக்கு?

— உள்ள இருக்கு. கேஸ் அடுப்பு.

— இருக்கு இருக்கு. எங்க அண்ணி சீதை தவறி மூணு வருசமாச்சு. அதுக்கப்புறம் ஒரு நா பத்த வச்சது கெடையாது. பூன குட்டி போட்டுருக்கு அடுப்பு மேல. போயிப் பாருங்க.

— அப்ப உங்களுக்குச் சாப்பாடு எங்கங்கய்யா?

— அது வந்து...

— சொல்லுண்ணே. டீச்சர் கேக்குறாகள்ல?

— டீச்சர், இந்தச் சந்தனம் பொய்க்கணக்கு எழுதுனவன் இல்ல. என் சொந்த மச்சான் கூட ஒரு கூறு கேட்டுச் சண்டைக்கு வந்தப்பக்கூட ஒரு தலைய நான் கூட்டி எழுதல.

— அது தெரியுதுங்கய்யா.

— அப்ப எழுதிக்கங்க. அடுப்பு ஒண்ணுதான். அது அழகி அடுப்பு. எனக்குச் சர்க்கரன்னு கேழ்வரகுக் களியும் கோதும தோசையுமா மூணு வேளையும் அவதான் ஆக்கிப் போடுறா.

— அப்ப ஒரு குடும்பம், ரெண்டு பேர். குடும்பத் தலைவர்னு யாரப் போடட்டும்?

— ஆம்பளையத்தான போடுவீக?

— அப்படி ரூல் இல்லங்கய்யா. நீங்க யாரச் சொல்றீங்களோ அவங்க.

— எங்கண்ணனையே போடுங்க டீச்சர். மொகம் சுண்டிப் போச்சு, பாவம்.

— நீ பேசாம இருடி. யாரும் எனக்குப் பாவம் பாக்க வேணாம். சோறு போடுறது யாரு? ஊரு எங்க இருந்து எங்க வரைக்கும் இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கது யாரு? நாலு தெருவச் சொல்லிட்டு நான் உக்காந்திருந்தேன். எழுதிக்கங்க டீச்சர். குடும்பத் தலைவர், அழகி. ரெண்டாவது ஆளு, சந்தனம். என்ன உறவுன்னு கேப்பீங்கள்ல? அண்ணன்.

— பதிஞ்சாச்சுங்கய்யா.

— அண்ணே...

— என்னத்துக்குடி அழுவுற? ஞாயித்துக்கெழமை மொதப் பேரா உன் பேரத்தான் வாசிக்கப் போறேன். எவன் எந்திரிச்சுக் கேக்குறான்னு பாப்போம். சர்க்காரே எழுதிருச்சு, நம்ம வீட்ல நீதான் தலைக்கட்டுன்னு!

— எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுண்ணே. பெரிய தூக்குச்சட்டியா எடுத்துக்கிட்டு நான் வாரேன். ஆனா எம்பேர வாசிச்சதும் அடுத்த பேருக்குப் போயிரணும். உன் பேரையும் பயலுக பேரையும் வாசிச்சுப்புடாத. நீதான எப்பவும் சொல்லுவ, தலைக்கட்டுக்கு ஒரு கூறுதான்னு?